போட்டோ அக்கா

டிவி விருது விழாக்களைப் பற்றிப் பேப்பரில் எழுதுகிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனவன். லாபு தோட்டத்தில் லோரிக்கு ரப்பர்க் கட்டு ஏற்றும் கூலியாகத் தொடங்கினேன். இன்று சொந்த லோரிகள் ஓடுகின்றன, ஓட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறேன். யாரும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஆனால் டிவி பார்க்கிற விஷயத்தில் எந்தப் பட்டதாரியும் எனக்கு முன்னால் நிற்க முடியாது. தோட்டத்துக் கூலிகளின் வரிசைவீடான எங்கள் லயத்தில் முதன்முதலாகக் கலர் டிவி வாங்கியவன் இந்த முருகையாதான். அப்போது தோட்டத்து ஆபீஸைக் கட்டியாண்ட பெரிய கிராணியார் வீட்டிலேயே கறுப்பு வெள்ளைதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மகள் எங்கள் வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இப்போதைய விருது விழாக்களில் விருதைத் தவிர எல்லாம் இருக்கிறது. அறிவிப்பாளர்கள் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் கேலி பேசி அவர்களே சிரித்துக்கொள்வார்கள். நம்மூர்க் கலைஞன் விருது வாங்கி நன்றி சொல்ல வாயைத் திறந்தால் பாட்டைப் போட்டு இறக்கிவிடுவார்கள். சென்னையிலிருந்து வருகிற விருந்தாளி மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். 'மலேசியா எனக்கு இரண்டாவது தாய்வீடு' என்பார். கூட்டம் விசிலடிக்கும். சிறந்த சிகை அலங்காரத்துக்கு விருது, சிறந்த சிரிப்புக்கு விருது, ஸ்பான்சர் கொடுத்த பானத்தை அதிகம் குடித்தவருக்கு விருது கொடுக்காததுதான் பாக்கி.

அந்த நிகழ்ச்சிகளில் நான் மரியாதை வைத்திருந்த ஒரே பகுதி, அந்த வருடம் இறந்துபோன கலைஞர்களுக்கு அஞ்சலி செலுத்தும் இடம். விளக்கை மங்கலாக்கி, வயலின் போட்டு, ஒவ்வொரு முகமாகக் காட்டுவார்கள். யாரும் பல்லைக் காட்டமாட்டார்கள். அந்த மரியாதையும் போன வருடத்தோடு எனக்குப் போய்விட்டது. நான் அந்த விழாவுக்கு நேரில் போயிருந்தேன். குமுதவல்லியை என் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

குமுதவல்லி எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. லாபு தோட்டத்தில் பக்கத்து லயம். சின்ன வயதிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். தோட்டத்தில் மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். மற்றப் பெண்கள் பாட்டைப் பாடிக்கொண்டு போவார்கள். இவளுக்குப் பாட்டு வேண்டாம், வசனம்தான் வேண்டும். மறுநாள் ரப்பர் பால்மரம் வெட்டும்போது முழு வசனத்தையும் மரத்துக்குச் சொல்லிக்கொண்டே வெட்டுவாள். நிரைக்கு நிரை பாத்திரம் மாறும். ஒரு நிரையில் ராணி, அடுத்த நிரையில் மாமியார். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஒருமுறை, 'யாரோடம்மா சண்டை போடுற, காட்டுக்குள்ள?' என்று ஓடிவந்து பார்த்தாராம்.

புனிதனைக் கட்டினாள். அவரும் பால்வெட்டுக்காரர். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள், அவள் முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடித்தாள். பிறகு தோட்டத்தையே விற்றார்கள், எல்லாரும் பக்கத்தில் கட்டிய மலிவுவிலைக் குடியிருப்பு, தாமானுக்கு வந்தோம். என்னுடையது முனைவீடு, பெரிது. அவளுடையது நடுவரிசை. தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் பிள்ளைகள் சாப்பிட்ட மங்கு கழுவும் வேலைக்குப் போனாள். ஒரே மகள் ரோகினி, நீலாயில் தொழிற்சாலை வேலை. இவ்வளவுதான் அவள் கதை. இதற்குமேல் ஒன்றும் நடந்திருக்க வேண்டியதில்லை. நாடகக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

இடிக்காமல் விட்டிருந்த பழைய லயத்தில் டிவி நாடகம் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. டைரக்டர் மகேந்திரன், சின்னப் பையன், தலைமுடியைக் குடுமி மாதிரி கட்டியிருப்பான். ஒரு காட்சிக்கு லோரி வேண்டும் என்று என்னிடம்தான் வந்தான், கொடுத்தேன். அந்த நாடகத்தில் ஓடுகிற லோரி என்னுடையது, விவரம் தெரிந்தவர்கள் நம்பர் பலகையைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். கதாநாயகனின் அம்மா இறந்துவிட்டாள், சுவரில் அவள் படம் தொங்கவேண்டும். அவர்கள் கொண்டுவந்திருந்த படம் மழையில் ஊறிப்போனது. மகேந்திரன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தான். குமுதவல்லியைக் கைகாட்டினான்.

அவள் முதலில் கேட்டது இதுதான். "வசனம் இருக்கா தம்பி?"

"அம்மா, நீங்க செத்துட்டீங்க."

"செத்தாலும் கனவுல வந்து பேசுவாங்களே?"

"கனவுக்கெல்லாம் பட்ஜெட் இல்லம்மா. சும்மா நேரா பாருங்க, போதும்."

நேராகப் பார்த்தாள். நீலச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. படத்தை லோபாக்கில் ஒரு கடையில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பிளாஸ்டிக் மல்லிகை மாலை சாத்தி, சந்தனம் வைத்து, கீழே ஒரு சிவப்பு பல்பும் எரியவிட்டார்கள். நாடகம் வந்தது. கதாநாயகன் அழுததைவிட அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கள் தாமானில் அதிகம் பேர் அழுதார்கள். என் மனைவி செல்லம் நாலு வீடு தள்ளி உயிரோடு இருக்கிறவளைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள்.

அந்த முகத்தில் அப்படி ஒன்று இருந்தது. கம்பெனிக்காரர்களுக்கும் அது புரிந்துவிட்டது. அடுத்த நாடகத்திலும் அதே படம். அதற்கடுத்ததிலும். ஏழை வீட்டுச் சுவரிலும் தொங்கினாள், பங்களாவிலும் தொங்கினாள். வேறு கம்பெனிகள்கூட அந்தப் படத்தை இரவல் வாங்கின. பெயர் போடுகிற இடத்தில் அவள் பெயரை ஒருமுறையும் போட்டதில்லை. தாமானில் அவளுக்குப் 'போட்டோ அக்கா' என்று பெயர் வந்தது. பசாரில் மீன்காரன் கேட்பான்:

"அக்கா, இந்த வாரம் யாருக்கு அம்மா?"

"லாயருக்குலா. போன வாரம் ரவுடிக்கு."

"ரவுடிய ஒழுங்கா வளத்திருக்கலாம்லக்கா?"

"நாந்தான் செத்துட்டனே, எங்கிட்டு வளக்கறது? ஒனக்கு வாய் இருக்குல்ல, நீ போயி புத்தி சொல்லு. மீன ஒழுங்கா நிறு."

புனிதனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "தாலியோட இருக்கறவளுக்கு மால போட்டு வெளக்கு ஏத்துறானுங்க. ஒருத்தனுக்கும் பயமில்ல" என்பார். சில காலம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் புரியும். அந்தப் படத்தால்தான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாற்காலியில் உட்காரவைத்தால் அவருக்கு டிவிதான் துணை. அந்தப் படம் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

குமுதவல்லி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. டிவியில் வாயைத் திறந்து பேசவேண்டும். மகேந்திரனை எங்கே பார்த்தாலும் கேட்பாள். ஒரு தடவை நான் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, நீட்டமா வேணாம். 'சாப்புட்டியாப்பா'ன்னு ஒரு வார்த்த."

"நீங்க உயிரோட வந்து பேசிட்டா, அப்புறம் உங்க போட்டோவ எப்படிம்மா மாட்டறது? ஜனங்க குழம்பிருவாங்க. உங்களுக்குத்தான் நஷ்டம்."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

இப்படி இருக்கும்போது போன வருடம் டிவி நிலையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். விருது விழாவில் புதிதாக ஒரு அங்கம் சேர்க்கிறார்களாம். முகம் தெரிந்து பெயர் தெரியாத துணைக் கலைஞர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் பேசலாம். நேரடி ஒளிபரப்பு.

குமுதவல்லி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "என்ன வேணும்னாலும் பேசலாமாம்மா?"

"ஸ்பான்சர திட்டாம எது வேணும்னாலும் பேசலாம் ஆன்ட்டி. அப்புறம், நீங்க நடிச்ச முக்கியமான ரோல்ல ஒரு போட்டோ வேணும். பேரோட வாட்ஸப்புல அனுப்பிருங்க."

அந்தப் போட்டோவை அனுப்பும்போது நானும் அங்கே இருந்தேன். ரோகினி, சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தாள். பட்டுச்சேலை, சிரித்த முகம்.

"இது எதுக்குடி? ரோல்ல இருக்கற போட்டோதான கேட்டாங்க? நான் என்ன கல்யாண வீட்லயா நடிச்சேன்?"

"அம்மா, அதுல மால இருக்குமா."

"மால இல்லன்னா அது என்ன ரோலு? மாமாவ கேளு."

நான் பார்த்தேன். மாலையும் சந்தனப் பொட்டும் சிவப்பு பல்புமாகப் படம் தெளிவாகத்தான் இருந்தது. எங்கள் தாமானில் அந்தப் படத்தைப் பார்த்து யாருக்கும் சாவு ஞாபகம் வராது. டிரைவருக்கு லைசன்ஸ் எப்படியோ அப்படி, அது அவளுடைய வேலைப் படம். கேட்டதைத்தான் அனுப்பினோம், கேட்டபடிதான் அனுப்பினோம். கீழே 'குமுதவல்லி புனிதன், துணை நடிகை' என்று ரோகினி பெயரையும் அடித்தாள்.

பிறகு ஒரு நிமிடத்துக்கான தயாரிப்பு. என்ன பேசப்போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேண்டீனில் மங்கு கழுவும்போது உதடு அசையுமாம். பிள்ளைகள் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவாளாம். எனக்கு மேடை அனுபவம் உண்டு, கோயில் கமிட்டியில் பொருளாளராக இருந்தவன். "ஒருவாட்டி எங்கிட்ட சொல்லிக் காட்டு தங்கச்சி, ஏத்த எறக்கம் சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்றேன். "அங்க வந்து கேளுங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோலாலம்பூரில். ரோகினிக்கு அன்று ஷிப்ட், விடமாட்டோம் என்றுவிட்டார்கள். செல்லம் புனிதனைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். கிளம்பும்போது புனிதன் வாசல் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்து, "மச்சான், ஹைவேயில வெரட்டாதீங்க. மழ வரும்" என்றார். மனைவி பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அவள் குனிந்து அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு வந்து காரில் ஏறினாள்.

மண்டபத்து வாசலில் போன்களைப் பையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். யாரும் படம் எடுத்து முன்னாலேயே வெளியே விட்டுவிடக் கூடாதாம். நேரடி ஒளிபரப்பில் முன்னால் என்ன, பின்னால் என்ன? கேட்டேன். அந்தக் காவலாளிக்குப் பதில் தெரியவில்லை.

உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, டிவியில் கேட்கிற கைத்தட்டல் எப்படி வருகிறது என்று. காதில் கருவி மாட்டிய ஒருவன் எங்கள் முன்னால் நின்று கையை உயர்த்துவான், நாங்கள் தட்டவேண்டும். இறக்கினால் நிறுத்தவேண்டும். மாட்டுக்குக்கூட நான் அப்படி உத்தரவு போட்டதில்லை. சென்னை விருந்தாளி வந்து சேரத் தாமதம் என்பதால் இரண்டு நடனம் கூடுதலாக ஆடினார்கள். சிறந்த சிரிப்புக்கான விருது வாங்கிய பையன் மேடையில் அழுதான். குமுதவல்லி எதையும் ரசித்தமாதிரி தெரியவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, உதட்டை அசைத்தபடியே இருந்தாள்.

விளக்கு மங்கியது. வயலின் வந்தது. அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்தி, "நம்மை விட்டுப் பிரிந்த கலைஞர்களுக்காக எழுந்து நிற்போம்" என்றார். எல்லாரும் எழுந்தோம். ஒரு பாடகர் முகம் வந்தது. ஒரு மேடை நாடகக்காரர் முகம் வந்தது. முன்வரிசையில் அவருடைய மனைவி போலிருக்கிறது, வெள்ளைச் சேலையில் ஒரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அடுத்து நீலச் சேலை வந்தது.

ஒரு வீட்டளவு பெரிய திரை. அதில் மாலையும் சந்தனமுமாகக் குமுதவல்லி. கீழே அவள் பெயர், ரோகினி அடித்த அதே எழுத்து வரிசையில்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "வந்துருச்சுண்ணே" என்றாள் மெதுவாக. "பேரும் போட்டுட்டாங்க."

நான் மறுபடி திரையைப் பார்த்துப் பெயரை எழுத்துக்கூட்டினேன்.

அவள் சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். "எதுக்குண்ணே நிக்கறாங்க எல்லாரும்?" என்றாள். எங்கள் முன்னால் நின்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தோழியிடம், "பாவம், இந்தம்மா போட்டோ எல்லா நாடகத்துலயும் வரும். நெஜமாவே போய்ட்டாங்களா?" என்றாள். குமுதவல்லி அதைக் கேட்டாள். சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலையைக் குனிந்து, மற்றவர்களைப் போலவே கைகூப்பி நின்றாள்.

நான் விடுகிற ஆளா? விளக்கு வந்து எல்லாரும் உட்கார்ந்ததும் ஓரமாக நடந்து போய், காதில் கருவியும் கையில் தாள்களுமாக நின்ற பெண்ணைப் பிடித்தேன். மார்பு அட்டையில் ரதி என்று பெயர்.

"அங்கிள், லைவ் போய்ட்டிருக்கு, உக்காருங்க ப்ளீஸ்."

"எந்த லைவும்மா? செத்துப்போச்சுன்னு காட்டுனியே, அந்தம்மா அதோ உக்காந்திருக்கு. ரத்தமும் சதையுமா."

அவள் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "மால போட்டு அனுப்பியிருந்தீங்களே அங்கிள். வீட்லேர்ந்து தகவல் குடுத்திருக்காங்கன்னுதான் நான் அஞ்சலியில சேத்தேன்."

"போன்ல அந்தம்மாகிட்ட பேசினியே, பேயிகிட்டயா பேசின?"

"பேசினது வேற பொண்ணு. வேலைய விட்டுப் போய்ட்டா. நான் போட்டோவ மட்டுந்தான் பாத்தேன்."

"சரி, போனது போவட்டும். இன்னும் பொன்னாட போடலல்ல? அப்ப மேடைக்குக் கூப்புடு. பேசட்டும்."

"எப்படி அங்கிள்? இப்பதான் எல்லாரும் எந்திரிச்சி நின்னாங்க. ஒடனே அவங்க உயிரோட வந்தா ஹாலே சிரிச்சிரும். நெஜமா செத்தவங்க குடும்பமெல்லாம் முன்னால உக்காந்திருக்கு. அவங்களுக்கு எப்படி இருக்கும்?"

எவ்வளவோ பெரிய ஆட்களிடம் நான் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். தோட்டத்து மேனேஜரையே லயத்து வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன். அன்றைக்கும் விட்டிருக்க மாட்டேன். பின்னாலேயே எழுந்து வந்த குமுதவல்லி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கண்ணே. முன்னால வெள்ளச் சேல கட்டுன அந்தம்மா நெஜமாவே அழுவுது பாருங்க."

திரும்ப வந்து உட்கார்ந்தோம். பொன்னாடை அங்கம் வந்தது. எப்போதும் போலீஸ்காரராக வருகிற ஒருவர், எப்போதும் பூசாரியாக வருகிற ஒருவர், கடைசியில் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நிற்கிற ஒரு பெண். போலீஸ்காரர் மைக்கைக் கொடுக்கவே மாட்டேன் என்று பேசினார். பாட்டுப் போட்டுத்தான் இறக்கினார்கள். குமுதவல்லி பெயரைக் கூப்பிடவில்லை. கையைக் கோத்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை.

வெளியே வந்து போனை வாங்கித் திறந்தால், நான் ஒரு மந்திரியா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அழைப்புகள். வீட்டுக்கு அடித்தேன். செல்லம் எடுத்தாள்.

"ஏங்க, உயிரோடயா இருக்கீங்க?"

"பின்ன யாரு பேசறது?"

"குமுதவல்லி?"

"பக்கத்துலதான் நிக்குது."

அந்தப் பக்கம் அழுகை. நடந்தது இதுதான். செல்லம் அடுப்படியில் இருந்தபோது டிவியில் அந்தப் படம் வந்திருக்கிறது. வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிற புனிதன், விருது விழாவில் வருகிறதே என்று அன்றைக்குப் பார்த்திருக்கிறார். பெயரோடு, வயலினோடு, எல்லாரும் எழுந்து நிற்கக் காட்டியிருக்கிறார்கள். காலையில் காரில் போனவள். மழை வேறு. ஹைவேயில் அடிபட்டுவிட்டது, டிவிக்காரனுக்குச் செய்தி முதலில் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். போட்ட கூச்சலில் தெருவே கூடியது. என் போனுக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. அவள் போனும் அப்படியே. என் படம் டிவியில் வராததால் நான் பிழைத்திருப்பேன் என்று செல்லம் ஒரு நம்பிக்கை வைத்திருந்தாளாம். அவள் தைரியசாலி.

"புனிதன்கிட்ட போன குடு, குமுதவல்லி பேசட்டும்" என்றேன்.

குமுதவல்லி பேசினாள். "ஏங்க, நாந்தான். எனக்கு ஒண்ணுமில்லீங்க. வந்துட்டே இருக்கேன்." அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, மறுபடி மறுபடி, "நாந்தாங்க, நாந்தாங்க" என்றாள். பிறகு செல்லம் வாங்கிச் சொன்னாள். "நம்ப மாட்டேங்குதுங்க. டிவியில போட்டுட்டானே, டிவியில போட்டுட்டானேன்னே சொல்லுது. யாரையோ பேச வச்சி ஏமாத்தறோமாம்."

வழி முழுக்க மழை. அவள் முன்சீட்டில் உட்கார்ந்து வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பலதும் பேசினேன், கேஸ் போடலாம் என்றேன், எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார் என்றேன். அவள், "கொஞ்சம் வெரசா ஓட்டுங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கூடாரம் எங்கே எடுப்பது என்று நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பகாவிலிருந்து அவள் தம்பி வேன் பிடித்துக் கிளம்பிவிட்டான், மாலையோடு. அவள் காரை விட்டு இறங்கியதும் ஒரு கிழவி நிஜமாகவே பின்னால் நகர்ந்தாள். யாரோ ஒருவன், "போட்டோ அக்கா, ரிட்டன் டிக்கெட்டா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

புனிதன் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். வாயோரம் எச்சில். அவளைப் பார்த்துவிட்டு இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கிள்ளிப் பார்த்தார். வலியில் அவள், "ஸ்ஸ்" என்றதும்தான் பிடி தளர்ந்தது.

"யாரு கூட்டியாந்தா?" என்றார்.

"முருகையா அண்ணன்தாங்க. கார்லதான் வந்தேன்."

"டிவியில..."

"அது போட்டோங்க. நம்ம போட்டோ."

"நான் சொன்னேன்ல" என்றார். அவ்வளவுதான் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது. அந்த வாரமே சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுபடியும் அடைப்பு. ரத்தக் கொதிப்பு ஏறினால் எப்போது வேண்டுமானாலும் வரும், இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். உயிர் தப்பியது. பேச்சு திரும்பவில்லை.

விழாவிலிருந்து திரும்பிய அன்று மாலை வாசலில் அவ்வளவு கூட்டம் நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே போய்ச் சொன்னேன். "தங்கச்சி, அங்க பேச வேண்டியத இங்க பேசு. மேடையில இருந்தத விட இங்க ஒனக்குச் சொந்தக்காரங்க அதிகம். ஒரு நிமிஷம் என்ன, ஒரு மணி நேரம் பேசு. எவன் பாட்டுப் போட்டு எறக்கறான்னு பாக்கறேன்."

அவள் வாசல்வரை வந்தாள். கூட்டம் அமைதியாகிவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாரும் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

டிவி நிலையத்திலிருந்து அந்த ரதி பிறகு இரண்டு தடவை கூப்பிட்டாள். நல்ல பெண்தான், அழுதுகொண்டே பேசினாள். காலை நிகழ்ச்சிக்கு வரச்சொன்னாள், மன்னிப்புக் கேட்டு நேரடியாகப் பேசவைக்கிறோம், ஒரு நிமிடம் இல்லை, ஐந்து நிமிடம் என்றாள். குமுதவல்லி, "வூட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லம்மா. நான் டிவியில வந்தா அவருக்கு ஆவாது" என்று போனை வைத்துவிட்டாள். கடைசியில் அவர்களாகவே ஒரு திருத்தம் போட்டார்கள். சமையல் நிகழ்ச்சி ஓடும்போது திரையின் அடியில் ஒரு வரி ஓடியது. கத்திரிக்காய் வதங்குவதற்குள் போய்விட்டது.

எனக்கு மனம் ஆறவில்லை. ஒருநாள் கேண்டீனுக்கே போய்ச் சண்டை பிடித்தேன். "அவரு தூங்கற நேரத்துல போய்ட்டு வந்துரலாம். காரு இருக்கு, நான் இருக்கேன். வாழ்க்க பூரா கேட்டியே ஒரு வார்த்த பேசணும்னு. இப்ப குடுக்கறான், வேணாங்கற?"

அவள் மங்கைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு எத்தன ஜனம் எந்திரிச்சி நின்னுச்சு பாத்தீங்களாண்ணே? நான் போயி பேசியிருந்தா நின்னுருக்குமா?"

பேசி ஜெயிக்காமல் நான் எந்த இடத்திலிருந்தும் எழுந்து வந்தவன் இல்லை. அன்று சைக்கிளில் வந்த ரொட்டிக்காரனுக்கு வழிவிடுகிறமாதிரி நகர்ந்து வெளியே வந்துவிட்டேன்.

மகேந்திரனையும் பார்த்தேன். இனி அவள் படத்தை மாட்ட முடியாதாம். அஞ்சலியில் வந்த முகத்தை நாடகத்தில் மாட்டினால் புகார் வரும். வசனம் கொடேன் என்றேன். "செத்துட்டாங்கன்னு நாடே பாத்துருச்சு அங்கிள். இப்ப பேசினா ஜனங்க பயந்துருவாங்க" என்றான். படத்தையாவது திருப்பிக் கொடு என்றேன். ஸ்டோரில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னான்.

இப்போது வேறு ஒரு படம் மாட்டுகிறார்கள். பச்சைச் சேலை, வட்டமுகம், சின்னப் பொட்டு. மாலை கொஞ்சம் கோணலாக இருக்கும். குமுதவல்லி வீட்டில் டிவி வைப்பதில்லை. போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஏதோ கேட்க வந்தவள், நாடகம் ஓடிக்கொண்டிருந்ததால் நின்று பார்த்தாள். அந்தப் படம் வந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது யாருண்ணே?"

"தெரியலம்மா. பகாவு பக்கம்னு யாரோ சொன்னாங்க."

"இருக்கா?" என்றாள். நான் புரியாமல் பார்த்தேன். "இந்தப் பொண்ணு, உசுரோட இருக்கான்னு கேக்கறேன்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு. பகாவில் கேட்டேன், மகேந்திரன் கம்பெனிக்கும் போன் அடித்தேன். படம் எங்கிருந்து வந்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.